பல்லு கம்பி: நீங்க காசு கொடுக்கிறது கம்பிக்கு இல்ல



"ஒரு கம்பிக்கு இவ்வளவு ரூபாயா?" பிள்ளைக்குப் பல்லு கம்பி போடணும்னு டாக்டர் சொன்னதும் வீட்டுல வர்ற முதல் கேள்வி இதுதான். நம்ம கோவில்பட்டி பக்கம் இது நியாயமான கேள்வியும்கூட. தீப்பெட்டி ஆபீஸ்ல வாரச் சம்பளம். கரிசக்காட்டுல உளுந்து, பாசி, பருத்தி வித்தாத்தான் கையில காசு. ஆனாலும் என் கருத்து இதுதான்: கம்பி, பிராக்கெட்டோட விலை அந்தக் கட்டணத்துல சின்னப் பங்குதான். மீதி எல்லாம் ஒருத்தர் ஒன்றரை, ரெண்டு வருஷம் பார்க்கிற வேலைக்கான கூலி.

ஆர்த்தோடான்டிஸ்ட் ஆக பிடிஎஸ் 5 வருஷம், அதுக்கு மேல எம்டிஎஸ் 3 வருஷம் படிக்கணும். எக்ஸ்ரே எடுத்து, பல்லுக்கு அச்சு எடுத்து, எந்தப் பல்லு எங்க நகரணும்னு திட்டம் போடுறதுதான் அவரோட முக்கியமான வேலை. கம்பி தள்ளுற பக்கம் எலும்பு கரையும், பின்னாடி புது எலும்பு வளரும். அதனால மாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் பல்லு நகரும். பல்லு எடுத்த இடைவெளியே 7 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். அவசரப்படுத்த முடியாது. மாசாமாசம் போய்க் காட்டித்தான் ஆகணும். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர் கடலை மிட்டாயைக் கடிச்சு பிராக்கெட் கழண்டா, வேலை இன்னும் தள்ளிப் போகும்.

உண்மையான நஷ்டம் எங்கன்னா, பாதியில நிறுத்துறதுலதான். பல்லை எடுத்துட்டு எட்டாம் மாசம் போகாம விட்டா, கட்டின காசும் போச்சு, ஓட்டையும் மிச்சம். வேற இடத்துல ஆரம்பிச்சா மறுபடியும் செலவு. சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ் இதுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது.

அதனால நான் சொல்றது மூணு விஷயம்.

ஒண்ணு, கிளினிக்குக்கே தவணையா கட்டுங்க. உதாரணத்துக்கு மொத்தம் 36,000 ரூபாய்னா, முதல்ல 9,000, அப்புறம் மாசம் 1,500 வீதம் 18 மாசம். கடன் வாங்கி மொத்தமா கட்டிட்டா, வைத்தியம் நின்னாலும் இஎம்ஐ நிக்காது.

ரெண்டு, வெள்ளாமை வீடு சேர்ந்த பிறகு ஆரம்பிங்க. முதல் தொகையோட மூணு மாசத் தவணையையும் சேர்த்து 13,500 கையில இருக்கட்டும்.

மூணு, சின்ன ஊர்ல ஸ்பெஷலிஸ்ட் வெளியூர்ல இருந்து குறிப்பிட்ட நாள்ல மட்டும் வர்றது சகஜம். "மாசாமாசம் யாரு பார்ப்பாங்க? அவர் வர்றது நின்னா யாரு முடிச்சுக் கொடுப்பாங்க? கடைசியில போடுற ரீடெய்னரும் இதுல சேர்ந்ததா?" இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்குங்க. எக்ஸ்ரே நகலும் கையில இருக்கட்டும்.

ரெண்டு வருஷத்துக்குத் தவணை கட்ட முடியுமான்னு சந்தேகமா? தள்ளிப் போடுங்க, தப்பில்ல. ஈறும் எலும்பும் நல்லா இருந்தா பெரியவங்களுக்கும் கம்பி போடலாம். ஆனா தாடை வளர்ச்சியில கோளாறுன்னு டாக்டர் சொன்னா மட்டும் காத்திருக்காதீங்க. பிள்ளை வளர்ற வயசு திரும்ப வராது.