ஒரே ராத்திரியில் மூன்று மலை

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் செஞ்சிக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் பதினொரு வருஷத்தைத் தொலைத்தேன்.

ஜன்னலோர சீட், எதிர்க்காற்று, மத்தியானம் சாப்பிட்ட லெமன் சாதம். தூங்காமல் என்ன செய்வான் மனுஷன்? கண் விழித்தபோது ராஜகிரி தெரிந்தது. தலைக்கு மேலே வைத்திருந்த பை தெரியவில்லை. கண்டக்டர் பாவம், அவரும் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தார். முன் சீட்டுப் பெரியவர், "கறுப்புப் பையா? ஒரு தம்பி எடுத்துக்கினு எறங்கிச்சே, அதோடதுன்னு நெனச்சேன்" என்றார்.

பையில் இருந்தது லேப்டாப். அதில் நான் எழுதிய அத்தனையும். "அட, காப்பி எடுத்து வைக்கலையா?" என்று கேட்கப் போகிறீர்கள். எடுத்தேன் சார். நான் பி.காம். டபுள் என்ட்ரி படித்தவன். பகலில் நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த நாலு கடையின் டாலி கணக்கையும் தினம் சாயங்காலம் பேக்கப் எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. என் எழுத்துக்கும் எடுத்திருந்தேன். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒரு பிரதி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் போதாதென்று ஒரு பிரதி பென் டிரைவில்.

ஹார்ட் டிஸ்க் எங்கே? லேப்டாப் பக்கத்து அறையில். பென் டிரைவ்? அதே பையின் முன் ஜிப்பில். கூடவே டிபன் பாக்ஸ்.

புகார் எழுதிக் கொடுத்தேன். "பொருள் விவரம், மதிப்பு எழுதுங்க" என்றார்கள். எழுதினேன். ஏழு வருஷ லேப்டாப். தேய்மானம் கழித்தால் புத்தக மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், டிபன் பாக்ஸ். எல்லாம் சேர்த்தும் ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட வரவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு சொத்தும் அதற்குள் இருந்தது. நாற்பது நிமிஷம் அப்பாவின் குரல்.

அப்பா செஞ்சியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடைசிக் காலத்தில் ஒருநாள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சும்மா பேசுப்பா" என்றேன். மணிக்கு எத்தனை பைசா வாடகை என்பதில் ஆரம்பித்து, சைக்கிளைத் திருப்பித் தராதவர்கள் பட்டியல், அவர் தாத்தா சொன்ன தேசிங்கு ராஜா கதை என்று போனார். போனில் இடம் போதவில்லை என்று லேப்டாப்புக்கு மாற்றி, போனிலிருந்து அழித்துவிட்டேன். மூணு மாசத்தில் அப்பா போய்விட்டார். எழுதியதைத் திரும்ப எழுதிவிடலாம், இதை விட மோசமாகவாவது. அப்பாவைத் திரும்பப் பேசச் சொல்ல முடியாதே.

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இருட்டிலும் மலைகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றின் உச்சியிலும் கோட்டை. மூன்றையும் கோத்து ஒரு பெரிய மதில். சின்ன வயசில் வாத்தியார் சொல்வார்: "ஒண்ணு போனா இன்னொண்ணு, அது போனா இன்னொண்ணு. எப்படி யோசிச்சிருக்கான் பாரு!"

நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். ஆனால் 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்கிற பிரெஞ்சுத் தளபதி வந்தான். வெடி வைத்து வாசலைப் பிளந்து உள்ளே நுழைந்தான். விடிவதற்குள் மூன்று மலையும் அவன் கையில். ஒரே ராத்திரி! மூன்று கோட்டை இருந்து என்ன, மூன்றும் ஒரே மதிலுக்குள்தானே இருந்தன.

என் பை ஞாபகம் வந்தது. மூன்று பிரதி, ஒரே ஜிப்.

இதே செஞ்சிக்கு இன்னொரு கதை உண்டு. அதைத்தான் நான் முதலில் நினைத்திருக்க வேண்டும். 1677-ல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார். அவர் தலைநகர் ராய்கட் எங்கேயோ சஹ்யாத்ரி மலையில். செஞ்சி தூரத்துக் கோட்டை. ஆனாலும் செலவு பார்க்காமல் மதிலைப் பலப்படுத்தினார். மூன்று வருஷத்தில் காலமாகிவிட்டார். 1689-ல் முகலாயப் படை ராய்கட்டைப் பிடித்தது. அரசாங்கமே போச்சு என்று எல்லோரும் நினைத்தபோது, அவர் மகன் ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பித்து வந்து சேர்ந்த இடம் எங்கள் ஊர். எட்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மராட்டிய ராஜ்ஜியம் செஞ்சியிலிருந்துதான் நடந்தது. ராய்கட்டைப் பிடித்த அதே தளபதி ஜுல்பிகார் கான் இங்கேயும் வந்து வருஷக்கணக்காக முற்றுகை போட்டான். 1698-ல் செஞ்சி விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே நழுவி, மறுபடி மகாராஷ்டிரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதாவது, அசல் ராய்கட்டில்; பிரதி செஞ்சியில். அசல் அழிந்தபோது பிரதி வேலை செய்தது. பிரதி அழிவதற்குள் அதிலிருந்து மறுபடி அசல் இடத்துக்கு எடுத்தாகிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். ஊரில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் கொஞ்சம் வெட்கம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் மூன்று பிரதியையும் ஒரே பையில் போட்டு பஸ்ஸில் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

எனக்குத் துணைக்குப் பெரிய ஆட்களும் இருக்கிறார்கள் என்பதில் ஓர் அல்ப சந்தோஷம். 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனி 'டாய் ஸ்டோரி' இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ தப்பான ஒரு வரி கட்டளை அடித்துவிட்டார்கள். கண் எதிரே பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்கள். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், பேக்கப் ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. யாரும் எடுத்துப் பார்த்ததில்லை! கடைசியில் படத்தைக் காப்பாற்றியது காலின் சஸ்மன் என்கிற பெண்மணி. கைக்குழந்தைக்காரி என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்தார்களாம்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் துபாஷ். 1736-லிருந்து 1761 வரை டைரி எழுதினார். சந்தை விலை, கவர்னர் வீட்டு வம்பு, யுத்தம் எல்லாம் அதில் உண்டு. அவர் கண் மூடிய நாலாம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்த வருஷமே செஞ்சியும் போனது. டைரி மட்டும் வீட்டோடு பிழைத்துக் கிடந்தது. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டு, நகல் எடுத்தார். இன்னொரு நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. பிறகு சென்னை அரசாங்கம் ஒரு நகல் எடுத்து, 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதியாகப் போட்டது. இவ்வளவுக்கும் நடுவே பல மாசங்களைக் காணோம். எண்பது சொச்சம் வருஷம் ஒரே பிரதியாக இருந்ததற்கு நாம் கட்டிய வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆபீஸ் போகிற ஆசாமிகள் என்ன செய்யலாம்? பீட்டர் க்ரோக் என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் முதல் இரண்டில் பாஸ். கடைசி ஒன்றில் கோட்டை விட்டேன், இரண்டு அர்த்தத்திலும்.

"எல்லாம் கூகுளில் இருக்கு, பார்த்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. அதில்தான் மெயில், போட்டோ எல்லாம் பங்கு. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-ல் விதியே போட்டார்கள். இன்னொன்று, போனும் கம்ப்யூட்டரும் தானாக ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போகிற ஏற்பாட்டைப் பலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடி சார். நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பென் டிரைவை வருஷக்கணக்கில் மேஜை டிராயரில் போட்டு வைப்பதும் சரியில்லை. மின்சாரம் காட்டாமல் கிடந்தால் உள்ளே இருப்பது மெள்ள மறந்து போகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் அடித்த பைல்கள் பத்திரமாகவே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குப்பை வரும். இன்றே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். சுவடியைப் பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் எழுதி வைத்த பரம்பரைதானே நாம்? ஓலை நொறுங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் எதுவும் நொறுங்காது என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

பை கிடைக்கவில்லை. எழுத்தில் பாதி, பத்திரிகைகளுக்கு அனுப்பிய மெயிலில் இருந்து திரும்பியது. மீதியை வழியனுப்பிவிட்டேன். அப்பாவின் குரல்?

ஷார்ஜாவில் இருக்கும் பால்ய நண்பன் எதற்கோ போன் பண்ணினான். புலம்பினேன். "டேய், உங்கப்பா பேசினது ஒண்ணு எனக்கு அனுப்பினியே? வாடகை சைக்கிளைத் திருப்பித் தராத லிஸ்ட்ல எங்கப்பா பேரு வருதுன்னு!" என்றான். அனுப்பியதே எனக்கு மறந்துவிட்டது. நண்பனைக் கேலி பண்ண வெட்டி அனுப்பிய துண்டு. பதினொரு நிமிஷம். அவன் அழிக்கவில்லை. அவன் அப்பாவும் இப்போது இல்லை. அவர் பேரை இன்னொருத்தர் வாயால் கேட்க வைத்திருக்கிறானாம். நாற்பதில் பதினொன்று. தேசிங்கு கதை ஆரம்பிக்கிற இடத்தில் முடிந்துவிடுகிறது.

அதற்கு இப்போது மூன்று பிரதி. ஒன்று என்னிடம். ஒன்று இணையத்தில், நான் மாசம் ஒரு தரம் திறந்து பார்க்கிற கணக்கில். இன்னொன்று திருவண்ணாமலையில் அக்கா வீட்டில், ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில். முதலில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இது என்னடா, பவர் பேங்கா?" என்றாள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பிக்ஸார்காரர்கள் மாதிரி ஏமாறக் கூடாது என்று ஆறு மாசத்துக்கு ஒரு தரம் போய், அதை அவள் வீட்டு டி.வி.யில் சொருகி ஓட்டிப் பார்க்கிறேன். முதல் தடவை ஓட்டியபோது அக்கா சமையலறையில் இருந்தாள். அப்பா குரல் கேட்டதும் கரண்டியோடு வந்து நின்றாள். பதினொரு நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டாள். நடுவில் பின்னாலிருந்து ஒரு குக்கர் விசில்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

போட்டேன். விசில் வருகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அது நம்ம அம்மா குக்கர்டா. அந்தப் பழசு. வெயிட் சரியா உக்காராது, இப்படித்தான் இழுத்து இழுத்து அடிக்கும்."

நான் அத்தனை தடவை கேட்டும் கவனித்ததில்லை.