கணக்கும் கண்ணும்

விஞ்ஞானத்தில் கொள்கை உயர்ந்ததா, நோக்காய்வு உயர்ந்ததா என்னும் வினா நம் வகுப்பறைகளில் இன்னும் எழுப்பப்படுகிறது. வினாவே பொருத்தமற்றது என்பதற்குக் காமாக் கதிர் வெடிப்புகளின் ஆராய்ச்சி தக்க சான்றாகும்.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக் கோள்கள், 1967-இல் விண்வெளியிலிருந்து வந்த காமாக் கதிர் வீச்சொன்றைப் பதிவு செய்தன. இச்செய்தி 1973-இல் வெளியாயிற்று. இவ்வெடிப்புகள் நமது பால்வீதி மண்டலத்திலேயே நிகழ்கின்றன என்பது அந்நாளில் பெரும்பாலோர் கருத்து. அவை பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்வன என்று பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்துப் போதன் பச்சின்ஸ்கி 1986-இல் வாதிட்டார். அத்துணைத் தொலைவெனில் வெடிப்பின் ஆற்றல் நம்புதற்கரிய அளவினதாகும். ஆதலின் அதனை ஏற்றோர் சிலரே.

1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கோள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வெடிப்பைக் கண்டது. அவை பால்வீதியின் தளத்தில் குவியாமல் வானெங்கும் சீராகப் பரவியிருந்தன. 1995-இல் வாஷிங்டனில் நடந்த விவாதத்தில் பச்சின்ஸ்கி இப்பரவலையே சான்றாகக் காட்டினார். டொனால்டு லாம், வெடிப்புகள் பால்வீதியைச் சூழ்ந்த பரந்த புறமண்டலத்தினின்று வருவன என்றார். வழக்குத் தீரவில்லை. 1997-இல் பெப்போசாக்ஸ் கோளின் உதவியால் வெடிப்புகளின் பின்னொளி கண்டறியப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்து வெடிப்பொன்றின் நிறமாலையைக் கெக் தொலைநோக்கி ஆராய்ந்தபோது, தொலைவு பல நூறு கோடி ஒளியாண்டுகளே என்பது உறுதியாயிற்று.

பதினோராண்டுகள் கணக்கு கண்ணுக்காகக் காத்திருந்தது. பச்சின்ஸ்கியோ வெறுமனே காத்திருந்தவரல்லர். கொள்கையாளரான அவரே, 1992-இல் சிலி நாட்டில் தொடங்கிய ஆகிள் நோக்காய்வுத் திட்டத்தை உருவாக்கியோருள் ஒருவருமாவார்.

இதில் நமக்குரிய பாடம் ஒன்றுண்டு. வெடிப்புகள் பால்வீதியில்தான் நிகழவேண்டும் என்று கருதி, வேறு திசையில் தோன்றியவற்றைப் பிழையென நீக்கியிருந்தால் உண்மை புலப்பட்டிராது. நம் சோதனைச் சாலைகளிலோ, விடையை முன்னரே அறிந்த மாணவன் தான் கண்ட எண்ணை அதற்கேற்பத் திருத்தி எழுதுகிறான். ஆசிரியரும் அதற்கே முழு மதிப்பெண் அளிக்கிறார். பார்க்கத் தவறிய நாளின் மழைமானிக் கணக்கை ஊகத்தால் நிரப்பும் ஊழியரும் அதே தவற்றையே செய்கிறார். திருத்தப்பட்ட எண் எந்தக் கொள்கையையும் சோதிக்க வல்லதன்று. கண்டதைக் கண்டவாறு எழுதிய மாணவனுக்கே, விடை மாறுபடினும், மதிப்பெண் உரியது. மாறுபாட்டின் காரணத்தை அவனோடு அமர்ந்து ஆராய்வதே விஞ்ஞானக் கல்வியின் தொடக்கமாகும்.