இசைத்தட்டு விற்பனை உச்சத்தில், அதைக் காப்பாற்றிய நடன இசை வரிசையின் கடைசியில்

அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் ஏறக்குறைய 44 மில்லியன் வினைல் இசைத்தட்டுகள் விற்பனையாயின. சிடி விற்பனை 33 மில்லியன் மட்டுமே. 1987க்குப் பிறகு முதன்முறையாக 2022இல் சிடியை முந்திய கருந்தட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பரணில் தூசு படிந்து கிடந்த பொருளுக்கு இப்படியொரு மறுவாழ்வு கிடைக்கும் என 20 ஆண்டுகளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. 1990களிலும் 2000களிலும் பெரிய இசை நிறுவனங்கள் கருந்தட்டை ஏறக்குறைய கைகழுவிவிட்டன. அந்த வறண்ட காலத்தில் தட்டு அச்சிடும் ஆலைகளுக்கு வேலை கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், ஹவுஸ், டெக்னோ போன்ற மின்னணு நடன இசையை வெளியிட்ட சின்னஞ்சிறு நிறுவனங்கள். இன்று ஆலைகள் மீண்டும் பரபரப்பாக இயங்கும்போது, திணறுவதும் அந்தச் சிறு நிறுவனங்கள்தான்.

நடன இசைக்கும் தட்டுக்கும் உள்ள உறவு வெறும் பழம்பெருமை அல்ல. 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் டாம் மோல்டன் ஒரு பாடலை வழக்கமான 7 அங்குலத் தட்டுக்குப் பதிலாகப் பெரிய தட்டில் பதித்துப் பார்த்தார். கோடுகளுக்கு இடையே இடம் கூடியதால் ஒலி உரத்தது, அடித்தள ஒலி ஆழமானது, பாடலையும் நீட்டிக்க முடிந்தது. 1976இல் ‘டபுள் எக்ஸ்போஷர்’ குழுவின் ‘டென் பெர்சென்ட்’ கடைக்கு வந்த முதல் 12 அங்குல ஒற்றைப்பாடல் தட்டாகக் கருதப்படுகிறது. டிஜேக்களுக்கு அதுவே தொழிற்கருவியானது.

சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கேளிக்கை விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த இசைக்கு, அந்த விடுதியின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது. 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ முதல் ஹவுஸ் தட்டுகளில் ஒன்று. பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லை. கறுப்பின இளையர்கள் மலிவான தாளக் கருவிகளில் இசையமைத்து, உள்ளூர் ஆலையில் தட்டாக்கி, கடைக்குக் கடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பக்கத்து நகரான டெட்ராய்ட்டில் டெக்னோ பிறந்ததும் இப்படித்தான். அங்கே 1965 முதல் ஒரு குடும்பம் நடத்திவரும் ஆர்ச்சர் ஆலைதான் அந்நகரின் டெக்னோ தட்டுகளில் பெரும்பகுதியை அச்சிட்டது. ஆலை உள்ளூரில் இருந்ததும், சிறு தொகையை வைத்துக்கொண்டு கதவைத் தட்ட முடிந்ததும் இந்த இசையின் வரலாற்றில் சாதாரண விஷயங்கள் அல்ல.

இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்ள, ஒரு தட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் அலுமினியத் தகட்டின் மீது மெழுகுபோல் பூசப்பட்ட ‘லாக்கர்’ என்ற மென்பூச்சில் கூரிய ஊசி இசையைக் கோடாகச் செதுக்குகிறது. அதன் மீது நிக்கல் முலாம் ஏற்றி அச்சு எடுக்கிறார்கள். பிறகு சூடான பிவிசி உருண்டையை இரு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், தோசைக்கல்லில் மாவு பரவுவதுபோல் பரவித் தட்டாகிறது. செதுக்குவதற்கும் முலாம் ஏற்றுவதற்கும் அச்செடுப்பதற்கும் ஆகும் செலவு, 300 தட்டு கேட்பவருக்கும் 3 லட்சம் கேட்பவருக்கும் உண்டு. பெரிய நட்சத்திரம் அதை லட்சக்கணக்கான தட்டுகளில் பரப்பிவிடுகிறார். நடன இசை வெளியீடுகளோ பெரும்பாலும் 300 முதல் 500 தட்டுகளுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தட்டும் அந்தச் சுமையைத் தலையில் சுமந்துகொண்டுதான் கடைக்கு வருகிறது.

இந்த நிலையில்தான் 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த ‘அப்போலோ மாஸ்டர்ஸ்’ தொழிற்சாலை தீக்கிரையானது. லாக்கர் தகடு தயாரிக்க உலகில் இருந்த இரண்டே தொழிற்சாலைகளில் அது ஒன்று. மற்றது ஜப்பானில். அடுத்த மாதமே கொவிட் முடக்கம் வந்தது. வீட்டில் அடைபட்ட மக்கள் தட்டு வாங்கத் தொடங்கினர், ஆலைகளோ ஆள் பற்றாக்குறையில் தவித்தன. 2021 நவம்பரில் வெளியான அடெலின் ‘30’ இசைத்தொகுப்புக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் முன்கூட்டியே அச்சிடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சிறு நிறுவனங்கள் ஓராண்டு வரை காத்திருந்த காலம் அது. நடன இசைக்குத் தாமதம் என்பது தனி வகைத் தண்டனை. இந்தக் கோடையில் ஆடுவதற்கு எழுதிய பாடல் அடுத்த கோடையில் கைக்கு வந்தால், அதற்குள் ஆட்டக்களம் வேறு தாளத்துக்கு மாறியிருக்கும்.

2022இல் இசைக் கலைஞர் ஜாக் வைட், பெரிய மூன்று நிறுவனங்களும் சொந்தமாக ஆலை கட்ட வேண்டும் என வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அவர் 2017இலேயே டெட்ராய்ட்டில் ஆலை திறந்தவர். அவர் கேட்டது நியாயமானது: லாபம் பெரியவர்களுக்கு, இயந்திரத்தில் முதலீடு போடும் துணிச்சல் மட்டும் சிறியவர்களுக்கு என்றால் எப்படி?

அதன் பின்னர் பல நாடுகளில் புதிய ஆலைகள் வந்தன, வரிசையும் குறைந்தது. காத்திருப்பு இன்று முக்கியப் பிரச்சினை அல்ல, விலைதான் பிரச்சினை. உக்ரேன் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறின. நீராவியிலும் வெப்பத்திலும் ஓடும் ஆலைகள் அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்தன. இரண்டு, மூன்று பாடல்கள் மட்டுமே உள்ள 12 அங்குலத் தட்டுக்கு, முன்பு முழு இசைத்தொகுப்புக்குக் கொடுத்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய நட்சத்திரங்களின் சந்தையில் இது உறைப்பதில்லை. 2024 ஏப்ரலில் வெளியான டெய்லர் சுவிஃப்ட்டின் இசைத்தொகுப்பு, அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 859,000 கருந்தட்டுகள் விற்றது. வண்ணம் மாற்றி, அட்டை மாற்றி ஒரே தொகுப்பைப் பல வடிவங்களில் வாங்கவைக்கும் வணிகம் அது. அவற்றில் எத்தனை தட்டுகள் ஊசியின் முனையைப் பார்த்தன என்பது வேறு கதை.

நடன இசைக்காரர்கள் மீதும் கொஞ்சம் குறை உண்டு. பெரும்பாலான டிஜேக்கள் எப்போதோ யுஎஸ்பி விரலிக்கு மாறிவிட்டார்கள். எனவே தட்டை மட்டும் வெளியிட்டு, இணையத்தில் விற்க மறுக்கும் பிடிவாதம் சில நிறுவனங்களிடம் வளர்ந்தது. தட்டின் மீதுள்ள பற்று அதற்கு ஒரு காரணம் என்றால், அரிய பொருள் என்ற மவுசும் ஒரு காரணம். 300 தட்டுகள் தீர்ந்ததும் அதே தட்டு ‘டிஸ்காக்ஸ்’ தளத்தில் பல மடங்கு விலைக்கு வருகிறது. இதில் இசைத்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. 2000இல் மின்னணு இசைத்தட்டுகளின் பட்டியலாக மட்டுமே தொடங்கப்பட்ட தளம் அது என்பது நினைவுகூரத்தக்கது. பணம் குறைந்த ஓர் இளையருக்கு இந்த இசையின் கதவு இப்படியும் மூடுகிறது. ஏழை இளையர்களின் கையில் பிறந்த இசைக்கு இது அழகல்ல.

ஆனாலும் சிறு அச்சுத் தொகையை வீண் என்று தள்ளிவிட முடியாது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் மின்னணுக் கருவிகளில் 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அது விலைபோகவில்லை. அதே டிபி-303 கருவியில் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் ‘ஆசிட்’ ஹவுஸ் பாணியைத் தொடங்கிவைத்தது. டச்சுச் சேகரிப்பாளர் ஒருவர் கையில் சரண்ஜித்தின் பழைய தட்டு சிக்கி, 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான், ஐந்தாண்டு முன்னதாகவே ஓர் இந்தியர் அந்த ஒலியைத் தொட்டிருந்தது உலகுக்குத் தெரிந்தது. 2015இல் காலமாவதற்கு முன்பு அவரே ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார்.

இந்தச் சங்கிலியில் மலேசியாவுக்கும் ஒரு கண்ணி உண்டு. டிஜேக்களின் வேலைக்குதிரையான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் உற்பத்தி 2010இல் நிறுத்தப்பட்டது. 2016இல் விலையுயர்ந்த வடிவில் திரும்பியது. 2019இல் டிஜேக்களுக்காகவே வந்த ‘எம்கே7’ வடிவம் மலேசியாவில் தயாராகிறது. சுழலும் மேடை இங்கிருந்து போகிறது, அதன் மேல் வைக்கும் தட்டுக்குத்தான் வழி குறுகுகிறது.

2025 ஆகஸ்ட் 29 முதல், சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா ரத்து செய்தது. இசைத்தட்டு தகவல் சார்ந்த பொருள் என்பதால் புதிய தீர்வை அதற்குப் பொருந்தாது. எனினும் குழப்பத்தில் பல நாட்டு அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான பொட்டலங்களைச் சில காலம் நிறுத்திவைத்தன. பெரிய நிறுவனங்கள் கப்பலில் மொத்தமாக அனுப்புகின்றன. 300 தட்டு அச்சிடுபவரோ, அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, முகவரி எழுதி, அஞ்சலகத்துக்குத் தூக்கிச் செல்பவர். அவருடைய வாங்குநர்களில் கணிசமானோர் இருப்பது அமெரிக்காவில்.