பொட்டலச் சோற்றுக்கும் டிப்ஸா?

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பரிமாறியவருக்கு ஏதாவது வைத்துவிட்டு எழுவது நம்மில் பலருக்குப் பழக்கம். கணக்கு 18 வெள்ளி என்றால் 20 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, "மிச்சத்த வச்சுக்குங்கண்ணே" என்போம். அதே சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வாங்கினால் அந்த இரண்டு வெள்ளியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? அண்மையில் எங்கள் விடுதியில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதமே நடந்தது. பார்ப்பதற்கு இது சில்லறை விஷயம்தான். ஆனால், அந்தச் சில்லறைக்குப் பின்னால் கூலி என்ற பெரிய கேள்வி நிற்கிறது.

வேண்டாம் என்ற நண்பர்களின் வாதங்கள் இவை. பரிமாறாத ஒருவருக்கு எதற்குப் பணம்? டப்பாவுக்கும் பைக்கும் ஏற்கெனவே காசு வாங்குகிறார்களே! பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவன் முதலாளியின் செலவை ஏன் சுமக்க வேண்டும்? இவற்றுள் கடைசி வாதம் வலுவானது. முதல் வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின் கிள்ளானில் ஓர் உணவகத்தில் சில மாதங்கள் வேலை செய்தேன். அவ்வாண்டு ஜூன் மாதம் முழு நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை, எல்லாமே பொட்டலம்தான். வாழையிலைச் சோறு ஒன்றைக் கட்டுவது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. சோறு ஒரு பக்கம், மூன்று கறிவகை ஒரு பக்கம். சாம்பார், ரசம், மோர், கோழிக் குழம்பு ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில். அப்பளம் நமுத்துப் போகாமல் வேறொரு பையில். கொதிக்கும் சாம்பாரைப் பையில் ஊற்றி, கொஞ்சம் காற்றை விட்டு, வாயை முறுக்கி, ரப்பர் வளையத்தைச் சுற்ற வேண்டும். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து முடிச்சு. மேசைக்குப் பரிமாறும்போதோ ஒரே வாளியை எடுத்துக்கொண்டு பத்துப் பேருக்கு ஊற்றிவிட்டு வரலாம். ஆகவே, பொட்டலத்தில் சேவை இல்லை என்பது உண்மையன்று. அந்தச் சேவை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டிப்ஸ் பெட்டி இருந்தது. மாதக் கடைசியில் முதலாளி அதை எண்ணுவார். உடைந்த குவளைகளுக்கு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு வைப்பார். கட்டும் மேசையில் நின்ற தமிழ்நாட்டு அண்ணன்மார்கள் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. வாடிக்கையாளர் அன்போடு போட்ட காசு, குவளை வாங்கப் போனது. டிப்ஸ் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கணக்குதான்.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐவருக்கும் குறைவானோர் வேலை செய்யும் கடைகளுக்கு அது ஆகஸ்டு முதல் நடப்புக்கு வந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஜாலான் துன் சம்பந்தனில் கோழிக்கறியோடு ஒரு வாழையிலைச் சோறு சாப்பிட அது போதாது. ஒரு மணி நேரம் சோறு கட்டியவரால் அதே சோற்றை வாங்க இயலாது என்பது யோசிக்க வேண்டிய செய்தி அல்லவா?

"அப்படியானால் அமெரிக்கா போல 15, 20 விழுக்காடு கொடுத்துவிடுவோமா?" என்று சிலர் கேட்கலாம். கூடவே கூடாது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூலி, கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 காசு மட்டுமே. 1991 முதல் அது உயரவே இல்லை. குறைந்தபட்சக் கூலியின் மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்புகிறது. அது போதாத போதுதான் முதலாளி நிரப்ப வேண்டும். டிப்ஸ் கட்டாயமாகிவிட்டால் சம்பளம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டில் இந்த வாசல் ஓரளவு அடைக்கப்பட்டிருக்கிறது. ஹோட்டல்கள் வாங்கும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பலாமா என்ற வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பக்கம் ஹோட்டல் நிர்வாகம், மறுபக்கம் ஹோட்டல், மதுக்கூட, உணவக ஊழியர்களின் தேசியச் சங்கம். சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது, அதைச் சம்பளத்துக்குள் சேர்க்கக்கூடாது என்று 2021இல் தீர்ப்பு வந்தது. ஆனால், நாம் பொட்டலம் வாங்கும் சாதாரணக் கடைகளில் இப்படிப் போராடச் சங்கம் எங்கே இருக்கிறது?

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். முன்பு மிச்சச் சில்லறையாவது பெட்டியில் விழுந்தது. இன்று கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து 12 வெள்ளி 30 காசு என்றால் அதே 12 வெள்ளி 30 காசைக் கட்டுகிறோம். மிச்சம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. உணவுச் செயலியில் டிப்ஸ் கொடுத்தாலும் அது கொண்டு வருபவருக்குப் போகிறது. அவருக்கு அது தகும். ஆனால், உள்ளே நின்று கட்டியவருக்கு அதில் பங்கில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். ஒன்றிரண்டு பொட்டலம் வாங்கும் மாணவர் டிப்ஸ் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடுக்காதவரைக் கஞ்சன் என்று ஏளனம் செய்யவும் வேண்டாம். கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறு கடையில் அவர்களே விலையை வைக்கிறார்கள். அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதை நம் இரக்கத்தின் மீது ஏற்றக்கூடாது.

ஆனால், மொத்தமாக வாங்கும்போது கதை வேறு. பல்கலைக்கழகச் சங்கங்களாகிய நாம் என்ன செய்கிறோம்? கலை இரவு, நாடக ஒத்திகை, பட்டிமன்றம் என்று நூறு, நூற்றிருபது பொட்டலம் சொல்கிறோம். "பன்னெண்டு மணிக்கு ரெடியா இருக்கணும்ணே, இருபது சைவம், ரசம் தனியா" என்கிறோம். விலையில் தள்ளுபடியும் கேட்கிறோம். அந்தத் தள்ளுபடி முதலாளியின் இலாபத்திலிருந்து போகலாம்; ஆனால், அறுநூறு முடிச்சுகளில் ஒன்றுகூடக் குறையாது. வழக்கமான கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் கட்டி முடிக்கிறவர்களுக்கு அன்று கூடுதல் கூலி கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. மேடை அலங்காரத்துக்கும் சிறப்பு விருந்தினரின் நினைவுச் சின்னத்துக்கும் நம் வரவு செலவுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டியவருக்கு இல்லை.

ஒரு பொட்டலத்துக்கு 50 காசு ஒதுக்கினால் நூற்றிருபது பொட்டலத்துக்கு 60 வெள்ளி. அதைப் பெட்டியில் போடாமல், கட்டும் மேசையில் நிற்பவர்களிடம், முதலாளிக்குத் தெரிய, நேராகக் கொடுக்க வேண்டும். "இது உங்க அஞ்சு பேருக்குண்ணே" என்று சொல்லியே கொடுக்க வேண்டும். பெட்டி மட்டும்தான் உண்டு என்றால், அது யாருக்குப் போகிறது என்று கேட்போம். கேட்பதில் தவறில்லை.

இது முதலாளித்தனத்தைக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் என்று ஒரு தோழி வாதிட்டாள். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்ற எண்ணத்தோடு கொடுத்தால் அவள் சொல்வது சரியே. "டேய் தம்பி" என்று வயதில் மூத்தவரை அதட்டிவிட்டு ஐந்து வெள்ளி கொடுப்பது அன்பளிப்பாகாது. நான் கேட்பது தானமன்று. நாம் கூடுதலாகச் சொல்லி வாங்கிய வேலைக்குக் கூலி.

தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தமிழ்ப்பள்ளியில் அந்த வரலாற்றைப் படித்து வளர்ந்தோம். இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நமக்குச் சோறு கட்டுகிற பலர், நம் பாட்டனார்களைப் போலவே கடல் கடந்து வந்தவர்கள். இவ்வாண்டுக் கலை இரவுக்குக் கணக்குப் போடப்போகும் செயலவை நண்பர்களே, உணவு என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள். அறுபது வெள்ளிதான்.