இரண்டு ஓடுள்ள நத்தை

கடற்கரையில் கிடக்கும் ஓடு இரட்டையாயின் சிப்பி. ஒற்றையாய்ச் சுருண்டிருப்பின் நத்தை அல்லது சங்கு. நம் குழந்தைகளும் அறிந்த இவ்விதியை அறிஞர்களும் நெடுங்காலம் ஐயமின்றி நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்த கதையே இம்மாதப் பொருள்.

1862-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் அகஸ்டஸ் கூல்ட், சிறிய இரட்டை ஓடு ஒன்றைச் சிப்பியெனக் கொண்டு 'ஜூலியா' எனப் பெயரிட்டார். 1875-இல் பிரெஞ்சு அறிஞர் குரோஸ், பாரிஸ் வட்டாரத்து மண்ணடுக்கில் புதைந்திருந்த பழைய ஓட்டுக்குப் 'பெர்த்தெலினியா' என்று பெயர் சூட்டினார். அதுவும் சிப்பி வரிசையிலேயே அமர்ந்தது. அவ்வறிஞர்களின் கையில் இருந்தவை வெற்று ஓடுகளே. உள்ளே குடியிருந்த உயிரை அவர்கள் கண்டாரில்லை.

1959-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஷிரோ கவாகுச்சியும் கிகுதாரோ பாபாவும் ஒரு செய்தியை வெளியிட்டனர். தமனோ கடற்கரையில் பச்சைப் பாசியின்மேல் ஒரு சிற்றுயிர் ஊர்ந்து கொண்டிருந்தது. ஓடுகள் இரண்டு; ஆனால் அவற்றினின்று நீண்டதோ நத்தையின் தலை! உணர்கொம்புகளும் கண்களும் ஊர்ந்து செல்லும் பாதமும் தெளிவாய்த் தெரிந்தன. இடப்புற ஓட்டின் நுனியில் நுண்ணிய சுருள் ஒன்றும் இருந்தது. பிறக்கும்போது அதற்கு ஒற்றைச் சுருள் ஓடே. இரண்டாவது ஓடு பின்னர் வளர்வது.

இதன் உறவினர் யாவர்? அதனை உரைத்தது ஓடன்று, நாக்கு. பாசியின் சாற்றை உறிஞ்சி வாழும் கடல் நத்தைகளுக்கு நாக்கில் ஒற்றை வரிசைப் பற்களே உண்டு. முன்பல் பாசியின் உயிரணுவைக் குத்தித் திறக்கும். தேய்ந்த பற்கள் ஒரு சிறு பையில் சேரும். ஆகவேதான் ஹெர்மன் ஃபான் இஹெரிங் 1876-இல் இக்குலத்துக்குப் 'பை நாக்கு' என்னும் பொருளில் சாக்கோகுளாசா எனப் பெயரிட்டார். இவற்றுள் பல, வளர்ந்தபின் ஓடே இல்லாதவை.

1866-இல் மறைந்த கூல்ட் விவரித்த, இலைபோன்ற பச்சைக் கடல் நத்தை ஒன்று 1870-இல் வெளியான நூலில் இடம்பெற்றது. அதுவும் தம் ஜூலியாவும் ஒரே குலம் என்பதை அவர் அறியாமலே சென்றார்.

கவாகுச்சி 1965-இல் யமாசுவுடன் சேர்ந்து மற்றொரு விந்தையையும் காட்டினார். இக்குலத்து நத்தை ஒன்றின் பச்சை நிறம், அது உறிஞ்சிய பாசியின் பச்சையத் துணுக்குகளே. அவை செரியாமல் அதன் உயிரணுக்களில் தங்கியிருந்தன. அவ்வாறாயின் இந்நத்தைகள் இலையைப்போல் வெயிலை உண்டு வாழ்கின்றனவா? அவ்வாறே பலர் கருதினர். ஆயினும் 2014-இல் வெளியான ஆய்வொன்றில் சில இனங்கள் இருளிலும் மாதக்கணக்கில் உயிர் பிழைத்தன. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏறத்தாழ நூறாண்டு நிலைத்த தீர்ப்பை விரல் நகத்தளவு உயிர் ஒன்று மாற்றியது. மாற்றிய பெருமை அதனை உயிரோடு காணப் பொறுமை கொண்டவர்களைச் சாரும். தாம் கற்பித்ததைத் திருத்திக்கொள்ள நாணாத மற்ற அறிஞர்களுக்கும் அதில் பங்குண்டு.