பிளஸ் ஒன் வகுப்பில் ஓர் இணையப் பாடம்

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. 2017-18 கல்வியாண்டில் தொடங்கிய அந்தத் தேர்வு 2025-26 முதல் கிடையாது என்று, மாநிலக் கல்விக் கொள்கை வெளியான கையோடு அரசு அறிவித்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதை அதற்குள் மறந்துவிடக் கூடாது.

அதற்கு முன்பு தனியார் பள்ளிகள் பலவற்றில், குறிப்பாக விடுதியோடு நடந்தவற்றில், பிளஸ் ஒன் புத்தகத்தின் அட்டைகூடக் கசங்காது. பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டும் அதே பாடம், அதே ஒரு மார்க் கேள்விகள், தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் விடை சொல்லும்வரை. மதிப்பெண் கொட்டியது. பொறியியல் முதலாண்டில் அரியரும் கொட்டியது. வகையிடலின் அரிச்சுவடி பிளஸ் ஒன் புத்தகத்தில்தானே இருக்கிறது? தேர்வு போன இடத்தில் அந்தப் பழைய வழக்கம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ள அதிக நாள் ஆகாது.

அந்த இடத்தை வேறு ஒன்றால் நிரப்ப வேண்டும். பிளஸ் ஒன் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை இணையவழியில், பள்ளி நேரத்தில், ஓர் ஆசிரியரின் பொறுப்பில் படித்து முடிக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஒரே ஒரு பாடம், பன்னிரண்டு வாரம். அது கல்லூரிக்கான ஒத்திகையாக இருக்கும்.

‘இணையவழி’ என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்ட பிறகு நடந்ததை யாரும் மறக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு போன். அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் இரவு திரும்பிய பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் வந்து கிடக்கும் நாற்பது படங்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்ததால் அது ஓரளவு கைகொடுத்தது. ஆனாலும் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. 2021இல் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தாகி, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கூட்டிக் கழித்து மார்க் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரி வகுப்பறையில் திணறியதை எந்தப் பேராசிரியரைக் கேட்டாலும் சொல்வார். வெள்ளம் வந்தபோது ஏறி நின்ற பரண் அது. அதைக் காட்டி மாடி வீடே கூடாது என்று சொல்ல முடியாது.

முழுப் பள்ளியையும் இணையத்துக்கு மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களிடமும் நமக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்கா அதைச் செய்து பார்த்துவிட்டது. புளோரிடா மாநிலம் 1997இலேயே அரசு இணையப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய இணைய உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் குறித்த நேரத்தில் கூடி, ஆசிரியரோடு நேரடியாக வாதம் செய்து படிக்கிறார்கள். கட்டணமும் அதற்கேற்றபடி இருக்கிறது. ஆனால், அரசுப் பணத்தில் தனியார் நடத்திய இணையப் பள்ளிகளின் கதை வேறு. அதே ஸ்டான்போர்டைச் சேர்ந்த ‘கிரெடோ’ ஆய்வு மையம் 2015இல் அவற்றின் மாணவர்களைச் சாதாரணப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கில் அவர்கள் 180 நாள் கற்றல் பின்தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளியாண்டு என்பதே 180 நாள்! ஓராண்டு முழுக்கக் கணக்குப் புத்தகத்தைத் தொடாததற்கு அது சமம். ஓஹையோவில் 2000இல் தொடங்கிய ஒரு பெரிய இணையப் பள்ளி, பிள்ளைகள் உண்மையில் படித்தார்கள் என்பதற்குக் கணக்குக் காட்ட முடியாமல் 2018 ஜனவரியில் மூடப்பட்டது. நடு ஆண்டில் ஏறத்தாழ 12 ஆயிரம் பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

மிச்சிகன் மாநிலம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர் ஓர் இணையவழிக் கற்றல் அனுபவமாவது பெற்றிருக்க வேண்டும் என்று 2006இல் சட்டம் போட்டது. பள்ளி அப்படியே இருக்கும். ஒரு சிறு பகுதி மட்டும் இணையத்தில். நாம் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

இது கல்லூரிக்கு எப்படி உதவும்? பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, இடையில் தினம் ஒரு டெஸ்ட். வராவிட்டால் வீட்டுக்கு போன் வரும். எப்போது எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை ஒரு நாள்கூடத் தானாக முடிவு செய்ததில்லை. ஜூலையில் கல்லூரிக்குப் போனதும் கேட்பதற்கு ஆளில்லை. அசைன்மென்ட் தேதியை ஒரு தடவை சொல்வார்கள், அவ்வளவுதான். முதல் இன்டர்னல் மார்க் வரும்போதுதான் விழிப்பு வரும். பின்தங்குவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. தன் நேரத்தைத் தானே ஆளும் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு பாடம், ஒரு கெடு, ஒரு சமர்ப்பிப்பு என்று பன்னிரண்டு வாரம் நடந்து பார்த்தால், முதல் மூன்று வாரம் தவறவிட்டாலும் நான்காவது வாரம் பிடித்துக்கொள்ளலாம். தவறினால் பெரிய நட்டம் வராத வயதில் தவறிப் பார்ப்பது நல்லது.

கல்லூரியிலும் இணையம் காத்திருக்கிறது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் ‘என்பிடெல்’ பாடங்களில் வாரந்தோறும் அசைன்மென்ட் உண்டு, கெடு உண்டு, கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒரு பருவத்துக்கான பாட மதிப்பில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தில் படித்துப் பெறலாம் என்று 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, அசைன்மென்ட் முடித்து, தகுதித் தேர்வு எழுதினால் உள்ளே போகலாம். பிளஸ் ஒன் முடித்தவரே விண்ணப்பிக்கலாம். இந்தக் கதவுகளெல்லாம் திறந்துதான் இருக்கின்றன. நகரத்து சிபிஎஸ்இ பிள்ளைக்கு அவை இருப்பது தெரியும். விளாத்திகுளத்துப் பிள்ளைக்கு யார் சொல்வது?

எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமாகப் படுவது தமிழ்வழி மாணவர்களின் நிலை. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்த பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பெரிய கல்லூரிகளுக்குள் நுழைகிறார்கள். கட்டணத்தை அரசே கட்டுகிறது. முதல் வாரம் பேராசிரியர் ‘மொமெண்டம்’ என்கிறார். தமிழ்வழியில் படித்து வந்த பெண்ணுக்கு உந்தம் தெரியும், அதன் சூத்திரம் தெரியும், கணக்கும் போடுவாள். இரண்டும் ஒன்று என்பது மட்டும் தெரியாது. ‘மேட்ரிக்ஸ்’ என்றால் அணி என்று பக்கத்து நாற்காலிப் பையன் சொன்னால் உண்டு. எழுந்து கேட்கக் கூச்சம். இப்படியே இரண்டு மாதம் போனால் தனக்குப் படிப்பு வராது என்ற முடிவுக்கு அவளே வந்துவிடுகிறாள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள்!

இந்த ஓட்டையை அடைக்க இணையப் பாடத்தைப் போல் வசதியான கருவி இல்லை. பாடத்தைத் தமிழில் நடத்தி, கலைச்சொல் வரும் இடமெல்லாம் ஆங்கிலச் சொல்லையும் ஒலியோடு சேர்த்துத் தரலாம். பத்தாவது வாரத்தில் விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்து, கீழே தமிழ் ஓட விடலாம். புரியாத இடத்தில் நிறுத்தி நான்கு முறை கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தன் சந்தேகத்தைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பும். பதிலுக்கு ஓர் ஆசிரியர் இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு வீடியோ குவியல்தான். பாடநூலில் கியூஆர் கோடு அச்சிட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் மட்டும் என்ன மாறிவிட்டது?

கருவி எங்கே என்று கேட்பார்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைடெக் லேப்கள் இருக்கின்றன. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உட்கார அவை போதாது. வாரத்துக்கு இரண்டு பீரியடு, பாதிப் பாதியாகப் பிரித்தால் போதும். கணினி பழுதானால் சரிசெய்ய ஆளும், கரன்ட் போனால் தாங்கும் யுபிஎஸ்ஸும் வேண்டும். வீட்டில் போன் இருக்கிறதா என்ற கேள்வியே இதில் எழக் கூடாது. பொறுப்பு ஆசிரியருக்கு இது பீரியடு கணக்கில் சேர வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் மாணவர் விவரம் ஏற்றியே பாதி நாளைத் தொலைக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கூடுதலாகக் கட்டினால், மூன்றாவது வாரமே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பாடத்தைத் தயாரிக்கும் வேலையை எந்தச் செயலி நிறுவனத்திடமும் ஒப்படைக்கக் கூடாது. நாடு முழுக்க விளம்பரம் செய்த பைஜூஸ் நிறுவனம் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனதைப் பார்த்தோம். பாடநூல் எழுதும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமே இதைச் செய்யட்டும். பள்ளி மாணவர்களுக்கு எட்டு வார இணையப் பாடங்களை நடத்திவரும் சென்னை ஐஐடியின் அனுபவத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மதிப்பெண் உண்டா என்றால், கூடாது. கட்-ஆஃபில் அரை மார்க் சேர்த்தாலும் மறுவாரமே கைடு வந்துவிடும், அதற்கு டியூஷனும் வந்துவிடும். தேர்ச்சி அல்லது மீண்டும் முயற்சி, அவ்வளவு போதும். பிளஸ் டூ தேர்வுக்குள் எப்போது முடித்தாலும் சரி. முடிக்காமல் பிளஸ் டூ தேர்வு எழுத முடியாது என்ற நிபந்தனை மட்டும் இருக்கட்டும். இது தனியார் பள்ளிகளுக்கும் பொருந்த வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் பள்ளியை ஆய்வுக்குப் போகும் அதிகாரியால் எளிதில் பிடிக்க முடியாது. அன்றைக்குக் கரும்பலகையில் பிளஸ் ஒன் பாடம்தான் இருக்கும். வாரவாரம் தேதியோடு பதிவாகும் சமர்ப்பிப்பு அப்படி ஏமாற்றாது.

ஒரேயடியாக மாநிலம் முழுக்கத் தொடங்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்குப் பத்துப் பள்ளி என்றால் 38 மாவட்டங்களுக்கு 380 பள்ளிகள். அவை தமிழ்வழி அரசுப் பள்ளிகளாக இருக்கட்டும். வரும் ஜூனில் பிளஸ் ஒன் வகுப்புகள் திறப்பதற்குள் பள்ளிக் கல்வித் துறை அதற்கான அரசாணையை வெளியிட வேண்டும்.