எந்த முனையை முதலில் கழற்றுவது?

வன்னியில் பற்றரி என்பது வெறும் வாகன உதிரிப்பாகமாக மட்டும் இருந்ததில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் கைவிளக்குக்கு இடும் சிறு பற்றரிகள்கூடத் தடைப் பட்டியலில் இருந்தன. மின்சாரமற்ற அந்த ஆண்டுகளில் வாகனப் பற்றரியே பல வீடுகளில் விளக்கையும் வானொலியையும் இயக்கியது. 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஆகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. அக்காலத்தில் பழைய பற்றரி ஒன்றுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவரே பெரிய மெக்கானிக்.

அந்தக் கைத்திறன் போற்றுதற்குரியது. ஆனால், பழக்கம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய அளவுக்கு அதன் காரணம் கைமாறவில்லை என்பதே எனது கவலை.

முதலில் நேர்முனையைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்வது பொய்யன்று. மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் நேர்முனையே வாகனத்தின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய யப்பானிய வான்களிலும் இந்திய முச்சக்கர வண்டிகளிலும் உடலோடு இணைந்திருப்பது மறைமுனை. ஆகவே நிறத்தையோ குறியையோ மனனம் செய்வதில் பயனில்லை. உடலோடு இணைந்த முனை முதலில் கழல வேண்டும். கடைசியில் பூட்டப்பட வேண்டும். விதி இவ்வளவுதான்.

காரணம் எளிது. மறைமுனை இணைந்திருக்கும்போது நேர்முனையில் வைத்த சாவி தவறி வாகனத்தின் இரும்பில் பட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். 12 வோல்ற்று மனிதரை உலுக்காது என்பது மெய். ஆனால், அந்தக் கணத்தில் பாயும் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் சாவியைப் பழுக்கக் காய்ச்சும். விரலில் மோதிரம் இருந்தால் விரலையும் சுடும். மறைமுனையை முதலில் கழற்றிவிட்டால் சாவி இரும்பில் பட்டாலும் சுற்று முழுமையாவதில்லை.

அதைவிடக் கொடியது வாயு. மின்னேற்றப்படும் ஈயப் பற்றரி ஐதரசனை வெளிவிடும். ஒரு பொறி போதும், பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க. இரவில் தீக்குச்சி கொளுத்தி நீர்மட்டம் பார்ப்பது கண்ணை அடகு வைப்பதாகும். இன்னொரு வாகனத்தின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து இயக்கும்போதும் கடைசி இணைப்பைப் பற்றரிக்கு அப்பால் இயந்திரத்தின் இரும்பில் கொடுப்பது இதற்காகவே. அமிலம் கண்ணில் பட்டால் தாமதியாது சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஓடும் இயந்திரத்திலிருந்து பற்றரியைக் கழற்றி அடுத்த வாகனத்துக்குக் கொடுப்பது பஞ்சகாலத்துப் பழக்கம். டைனமோ பூட்டிய பழைய வாகனம் ஓரளவு தாங்கியிருக்கலாம். இன்றைய வாகனத்தில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கணினிக் கட்டுப்பாட்டுப் பாகத்தையே எரித்துவிடக்கூடும். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில், பழைய வாகனங்களையே பேணி ஓட்டும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று. கலப்பின வாகனமாயின், 100 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்சாரம் செல்லும் செம்மஞ்சள் வயர்களைப் பயிற்சியற்றவர் தொடவே கூடாது.

கழற்றத் தெரிவதால் நன்மையும் உண்டு. 2022 இல் எரிபொருளின்றி வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றபோது பல பற்றரிகள் செத்துப்போயின. இயந்திரத்தை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, திறப்பை எடுத்தபின் மறைமுனையை மட்டும் கழற்றி வைத்திருந்தால் அவற்றுட் பல பிழைத்திருக்கும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கின்றது. அது வரவேற்கத்தக்கது. ஆனால், வீதியோரக் கராஜில் தொழில் பழகும் பதினேழு வயதுப் பையன் எல்லோரும் அங்கு போவதில்லை. அவனுக்கு ஆசான் அவனது முதலாளியே. அந்த முதலாளிமாரிடம் நான் கேட்பது இரண்டே: பையனுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், “இதைக் கழற்று” என்று சொல்லும்போது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யுத்தம் தின்றது போக எஞ்சிய கண்களை ஒரு பற்றரிக்குக் கொடுக்க வேண்டாம்.